வளையம் வைத்த மிதவை

அத்தியாயம் 4

குற்றவாளி வாயைத் திறக்கமாட்டேன் என்கிறானே என்றுதான் துப்பறிகிறவர்கள் வழக்கமாகப் புலம்புவார்கள். லெத்தேரியா மந்தரானோவுக்கு அந்த வியாழக்கிழமை காலையில் வந்த தொல்லை நேர்மாறானது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அதற்குள் லிப்பாரித் தீவின் படகுத்துறைக் காப்பிக் கடையில் இரண்டு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மூன்றாமவர் எலுமிச்சை கிரனீத்தா என்கிற ஐஸ்தூளைக் கரண்டியால் கிளறிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தார்.

"இப்படியே போனா டோக்கன் குடுத்துத்தான் கூப்பிடணும், தோன்னா," என்று, ஊரார் மூத்த பெண்களைக் கூப்பிடும் மரியாதையோடு அவள் காதருகே சொன்னான் கோனோ. "லிப்பாரி சர்ச்சுல ஈஸ்டருக்குக்கூட இவ்வளவு பாவ மன்னிப்பு நடக்காது."

"நீ கொஞ்சம் தள்ளி உக்காரு. நேத்துலேருந்து உன்மேல அழுகின முட்டை வாடை வருது."

"அத்தை போட்ட ஆம்லெட். அவங்க பாசம் லேசுல போகாது."

லெத்தேரியா சிரித்துவிட்டாள். அவன் எதைச் சொன்னாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். இருபத்தேழு வருஷம் லிப்பாரி தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் அழுகையையெல்லாம் இணைத்துவிட்டவள் அவள். ஓய்வுக்குப் பிறகு துப்பறியப் புறப்பட்டபோது சம்பளத்துக்கு வைத்த ஒரே ஆள் கோனோ. வேலையில் பாதி நாள் காணாமல் போவான். மீதிப் பாதியில் அவளைச் சிரிக்க வைப்பான். அதற்கே அந்தச் சம்பளம் தகும் என்று நினைத்திருந்தாள்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பக்கத்து வுல்கானோத் தீவின் கிழக்குக் குடாவில் 'செரெனெல்லா' என்ற பாய்மரப் படகு நங்கூரம் போட்டு நின்றது. வடக்கே பெர்கமோ நகரத்திலிருந்து வருஷாவருஷம் தீவு தீவாகச் சுற்றவரும் சிநேகிதர்கள் மூன்று பேர், கரையில் கந்தகச் சேற்றுக் குளத்தில் கழுத்துவரை கிடந்தார்கள். படகின் தலைவர் ஒனோஃப்ரியோ சாப்பிட்டுவிட்டு அறைக்குள் கண்ணயர்ந்திருந்தார். அவருடைய தங்கை புருஷன் திந்தாரோ கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். மூன்றேகாலுக்குத் தென்கிழக்குக் காற்று வலுத்தது. படகு நங்கூரத்தோடு நகர்ந்தது. திந்தாரோ படகின் மேல்தட்டுக்கு ஓடிவந்தபோது பாறை கையெட்டும் தூரத்தில் இருந்தது. படகு மோதாமலிருக்கக் காலை நீட்டி உதைத்தான்.

படகு தப்பியது. கால் மூன்று இடத்தில் உடைந்தது. கடலுக்கு அக்கரையில் மிலாத்ஸோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மறுபடி படகுத்தட்டில் நிற்பானா என்பதை ஒரு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

ஒனோஃப்ரியோ அன்று மாலையே துறைமுக அலுவலகத்துக்குப் போனார். "நங்கூரத்த சரியாப் போடல. போட்டுட்டுத் தூங்கிட்டேன். எல்லாம் என் தப்பு," என்றார். அந்த வாக்குமூலத்தில் இன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டு, முப்பத்தொரு வருஷமாக வைத்திருந்த படகோட்டி உரிமத்தை மேசைமேல் வைத்துவிடப் போகிறார்.

லெத்தேரியாவைத் தேடி வந்தது திந்தாரோவின் மனைவி அசுந்தா. நேற்றுக் காலை வந்து, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அம்மா செத்தப்புறம் என்னை வளத்தது ஒனோஃப்ரியோ அண்ணன்தான். நேத்துலேருந்து அவரோட நான் பேசல. அவர் அசட்டையாலதான் என் புருஷன் கால் போச்சுன்னா இனிமே பேசவும் மாட்டேன். ஆனா நிஜமாவே அவர் தப்புதானான்னு தெரிஞ்சுக்கணும், தோன்னா. அவர் கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் யாரும் தேடமாட்டாங்க. அதுக்கு முன்னாடி சொல்லுங்க."

அதனால்தான் இந்தக் காப்பிக் கடை. அதனால்தான் இந்த மூன்று பேர்.

முதலில் வாயைத் திறந்தவர் ஓடு வியாபாரி லோரிஸ். "மல்வாசியா ஒயின் மூணாவது கிளாஸ் நான்தான் ஊத்தினேன், சிஞ்ஞோரா. அவர் வேண்டாம் வேண்டாம்னார். நான் கேக்கல. அதான் தூங்கிட்டார்."

"ஒனோஃப்ரியோவுக்கு மூணு கிளாஸ்ங்கறது வாய் கொப்புளிக்கிற அளவு," என்றான் கோனோ. "அடுத்த ஆள்!"

அடுத்தவர் பல் டாக்டர் குவால்தியேரோ. வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. "நங்கூரம் இறக்குற பொத்தான நான் அமுக்குறேன்னு கேட்டு வாங்கினேன். சின்னப் பிள்ளை மாதிரி ஆசை. அவர் 'நிறுத்து'ன்னப்ப ஒரு நொடி தாமதமா விரல எடுத்தேன். ராத்திரி பூரா அந்த ஒரு நொடிய நெனச்சுக்கிட்டே கிடந்தேன்."

"ஒரு நொடி தாமதம்னா ஒரு முழம் சங்கிலி கூடுதலாப் போயிருக்கும்," என்றாள் லெத்தேரியா. "சங்கிலி கூடினா நங்கூரம் இன்னும் நல்லாப் பிடிக்கும். நீங்க இன்னிக்குத் தூங்கலாம், டாக்டர்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றிக்குக் கைம்மாறாக ஏதாவது செய்தாக வேண்டும் என்று தவித்தவர், கோனோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்ன, பல்லா?"

"முந்தாநாள் மிலாத்ஸோ போய்ப் பிடுங்கிட்டு வந்தேன் டாக்டர். இன்னும் விண்ணு விண்ணுங்குது."

"எங்க, காட்டுங்க."

கோனோ மறுப்பதற்குள் அவர் அவன் தாடையைப் பிடித்துவிட்டார். தொழில்காரர் கை. வெளிச்சத்துக்குத் திருப்பி, இப்படியும் அப்படியும் பார்த்து, விட்டுவிட்டார்.

"இந்த வாயில யாரும் கை வெச்சுப் பத்து வருஷம் இருக்கும். முப்பத்திரண்டும் அப்படியே இருக்கு. சுத்தம்தான் போதாது."

"அப்ப அந்த மிலாத்ஸோக்காரன் பக்கத்து நாற்காலிக்காரன் பல்லத்தான் பிடுங்கியிருக்கான்," என்றான் கோனோ. "அதான் அந்த ஆளு அப்படிக் கத்தினான்!"

எல்லோரும் சிரித்தார்கள். லெத்தேரியாவும் சிரித்தாள். அவன் எங்கேயோ ஊர் சுற்றப் போயிருக்கிறான், நேற்று இடது கன்னம், இன்று வலது கன்னம் என்று மாற்றி மாற்றிப் பிடிக்கும்போதே அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் அவன் முகம் வாடும். அவன் முகம் வாடினால் அவளுடைய நாள் வீணாகும். இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

மூன்றாமவள் ஃபியோரென்சா, பள்ளிக்கூட ஆசிரியை. கிரனீத்தா கரைந்து தண்ணீராகியிருந்தது.

"என்னோடது குற்றமான்னே தெரியல," என்றாள். "ராசின்னு வேணா சொல்லலாம். அவர் நங்கூரத்துக்கு மேல ஒரு பழைய பாட்டில மிதக்க விட்டிருப்பார். துணி வெளுக்குற மருந்து வர்ற வெள்ளை பாட்டில். பதினோரு வருஷமா அதே பாட்டில். அழுக்கா, நசுங்கி... எனக்குப் பாக்கவே பாவமா இருக்கும். அதனால இந்த வருஷம் நாங்க மூணு பேரும் சேந்து புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்தோம். செவ்வாய்க்கிழமைதான் முதல்முதலாக் கட்டினார். அன்னிக்கே இப்படி ஆயிடுச்சு. அவரோட அதிர்ஷ்டத்த நான் தூக்கிப் போட்டுட்டேன்."

"அதிர்ஷ்டத்த பாட்டில்ல அடைச்சு வெச்சிருந்தாரா? தெரிஞ்சிருந்தா நான் முன்னாடியே திருடியிருப்பேன்," என்றான் கோனோ.

லெத்தேரியா எழுந்துவிட்டாள். "வாங்க, படகப் பாக்கலாம்."

செரெனெல்லா துறையின் கோடியில் கட்டியிருந்தது. வலப்பக்கம் முழுக்கப் பாறை உரசிய கோடுகள். முன்தட்டில் நங்கூரமும் சங்கிலியும் கயிறுமாக ஒரு குவியலை யாரோ கித்தான் போட்டு மூடியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை பக்கத்துப் படகுக்காரர்கள் இழுத்துப் போட்டது அப்படியே கிடந்தது. ஒனோஃப்ரியோ அதன் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். கையெழுத்துப் போடப் போகிறவருக்கு மரியாதையாக இருக்க வேண்டுமே.

"எதுக்கு தோன்னா கஷ்டப்படுறீங்க? நான்தான் சொல்லிட்டேனே."

"சொன்னீங்க. ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பாட்டில் எதுக்கு? எங்க அப்பா மரவேலைக்காரர், எனக்குக் கடல் சங்கதி அரைகுறை."

கேட்டது தொழிலைப் பற்றி என்பதால் அவர் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "இங்க அடியில எல்லாம் எரிமலைக் கல்லு. நங்கூரம் சந்துல மாட்டிக்கிட்டா முன்னால இழுத்தா வராது. அதனால அதோட பின்தலையில ஒரு கயிறு கட்டி, மேல ஏதாவது மிதக்க விடுவோம். மாட்டிக்கிட்டா அந்தக் கயிற மேல இழுத்தாப் போதும். பல்லப் பிடுங்கின மாதிரி வந்துடும்."

"மத்த நேரத்துல அந்தக் கயித்துல இழுவை இருக்காதா?"

"இருக்கவே கூடாது. தொளதொளன்னு கிடக்கும்."

"அப்ப அந்தக் கயிற நங்கூரத்துலேருந்து அவுத்துக் காட்டுங்க."

அவர் கித்தானை விலக்கினார். இரண்டு நாளாக அந்த நங்கூரத்தை ஏறிட்டுப் பார்க்கவே கூசியிருந்தார். முடிச்சை விரலால் நெம்பினார். நகத்தால் நெம்பினார். இடுப்பிலிருந்த இரும்பு ஊசியை எடுத்துக் குத்தினார். முடிச்சு கல்லாக இருந்தது. ஊசி வழுக்கி அவர் கட்டைவிரலைக் கீறியதுதான் மிச்சம்.

"உப்பு இறுகியிருக்கும்," என்றார், நம்பிக்கையில்லாமல்.

"ரெண்டே நாள்லயா?"

அவர் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷத்தில் தான் கட்டிய முடிச்சு ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"இத யாரோ இழுத்திருக்காங்க," என்றார் மெல்ல. "கையால இழுத்து இப்படி இறுகாது. எஞ்சின் போட்டு இழுத்திருக்காங்க."

லெத்தேரியா கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே போனாள். சங்கிலிக் குவியலுக்கு அடியிலிருந்து அது வெளியே வந்தது. பூசணிக்காய் அளவில், பளபளவென்ற ஆரஞ்சு நிற மிதவை. மேலே விரற்கடை தடிமனில் எஃகு வளையம். வெயிலில் மின்னியது.

"அழகா இருக்கு," என்றாள்.

"மனசு நோகுமேன்னு கட்டினேன்," என்றார் ஒனோஃப்ரியோ. "ஃபியோரென்சா டீச்சர் அவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்தாங்க."

"இந்த வளையத்தப் பாத்தா நம்ம ஊர்க்காரங்க என்னன்னு நெனப்பாங்க?"

அவர் வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். "கல்லுல கட்டின மிதவைன்னு நெனப்பாங்க," என்றார். "யார் வேணா படகு கட்டிக்கலாம்னு."

இது எங்கேயும் எழுதி வைத்த சட்டமில்லை. பாட்டில் மிதந்தால் கீழே யாரோ ஒருவருடைய நங்கூரம், தொடாதே. வளையம் வைத்த மிதவை மிதந்தால் கீழே பெரிய கல், கட்டிக்கொள். லிப்பாரியும் அதைச் சுற்றியதுமான ஏழு தீவிலும் பிறந்த பிள்ளைக்கு நடக்க வருவதற்கு முன்பே இது தெரியும். பெர்கமோ ஆசிரியைக்கு எப்படித் தெரியும்?

"சரி, யாரோ வந்து இதுல படகு கட்டியிருக்கான்," என்றாள் லெத்தேரியா. "சுற்றுலாக்காரனா இருக்குமோ?"

"இருக்காது." ஒனோஃப்ரியோ எழுந்தேவிட்டார். "வெளியூர்க்காரன் கட்டுவான், குளிக்கக் குதிச்சுடுவான். எஞ்சின் போட்டு இழுத்துப் பாக்கமாட்டான். நமக்குச் சொந்தமில்லாத கல்லுல கட்டினா, தாங்குமான்னு எஞ்சினப் பின்னால விட்டு ஒரு தடவை இழுத்துப் பாக்குறது நம்ம ஆளுங்க பழக்கம். கவனமான ஆளு பண்ற வேலை அது. இழுத்தப்ப நங்கூரம் பேந்து வந்திருக்கு. 'ஐயோ, இந்தக் கல்லு நகருது'ன்னு நெனச்சு அவுத்துட்டு வேற இடம் பாத்துப் போயிருப்பான். நங்கூரம் கீழ சும்மா படுத்திருந்திருக்கு. காத்து வந்ததும்..."

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

லெத்தேரியா திரும்பினாள். இவ்வளவுக்கும் கோனோ ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சும்மாவே பேசுகிறவன். ஓர் ஆரஞ்சு மிதவையும் ஒரு கவனமான முட்டாளும் கிடைத்தால் அவனுக்கு ஒரு வாரத்துக்குத் தீனி. அவன் பாய்மரக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். கண் வளையத்தில் இருந்தது. கன்னத்தில் கையில்லை.

தொலைபேசி நிலையத்தில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான், கண்ணுகளா. பேசுகிறவர்கள் பேச்சில் ஒன்றும் தெரியாது. பேசிக்கொண்டே இருக்கிறவன் சட்டென்று நிறுத்துகிறானே, அந்த இடத்தில் எல்லாம் தெரியும். அப்போதெல்லாம் அவள் கம்பியைப் பிடுங்கிவிட்டு அடுத்த அழைப்பைப் பார்ப்பாள். இப்போது பிடுங்குவதற்குக் கம்பி எதுவும் இல்லை.

"மணி பதினொண்ணே கால்," என்றாள். "நாங்க நடந்து வர்றோம், ஒனோஃப்ரியோ. நீங்க முன்னாடி போங்க."

துறையிலிருந்து ஊருக்குள் போகும் கடற்கரைச் சாலையில் இருவரும் நடந்தார்கள். காய்கறி வண்டிக்காரன் ஒருவன் கோனோவைப் பார்த்து, "என்னடா மூஞ்சி, கல்யாணம் நின்னுபோன மாதிரி?" என்று கத்தினான். கோனோ பதில் சொல்லவில்லை. யாரோ செத்துவிட்டார்களோ என்று வண்டிக்காரன் பயந்துபோய்த் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினான்.

மீனவர் சிலுவை இருக்கும் திருப்பத்தில் லெத்தேரியா நின்றாள்.

"எத்தனை மணிக்குக் கட்டின?"

அவன் கடலைப் பார்த்தபடி சொன்னான். "மூணுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"சொல்லு."

"முதுகுவலி. சேத்துல ஒரு மணி நேரம் கிடந்தாச் சரியாயிடும்னு மச்சான் படக எடுத்துட்டுப் போனேன். உங்ககிட்ட சொன்னா வேலை நாள்லயான்னு கேப்பீங்க. அதான் பல்லுன்னு... குடாவுல புதுசா மிதவை தெரிஞ்சுது. அட, துறைமுகத்துக்காரங்க கல்லு போட்டிருக்காங்களேன்னு சந்தோஷப்பட்டேன். கட்டினேன். எங்கப்பா சொல்லிக் குடுத்த மாதிரியே பின்னால விட்டு இழுத்தேன். நகந்துது. 'தூ, இதுவும் அழுகல்'னு திட்டிட்டு அவுத்தேன். படகுத் தளத்துப் பக்கம் போய்க் கட்டிட்டு, கூட்டமில்லாத சின்னச் சேத்துக் குழியில இறங்கிட்டேன். அது பாறைக்குப் பின்னால, அங்கேருந்து குடா தெரியாது."

"செரெனெல்லாவப் பாத்தியா?"

"முப்பது மீட்டர்ல நின்னுச்சு." அவன் கடலுக்கு முதுகைத் திருப்பினான். "ஜன்னல் வழியா ஒனோஃப்ரியோ குறட்டை கேட்டுச்சு தோன்னா. குடுத்து வெச்ச மனுஷன்னு நெனச்சேன்."

"மறுநாள் விபத்துன்னு கேட்டப்ப?"

"ஒண்ணுமே தோணல. சத்தியமா. அவர் பாட்டில்தான கட்டுவார்? பாட்டில நான் தொடவே இல்லையே. காலையில அந்த டீச்சர் 'புதுசு'ன்னப்பகூடப் புரியல. அந்த வளையத்தப் பாத்ததும்தான் புரிஞ்சுது."

லெத்தேரியா சாலையோரக் குட்டைச் சுவரில் உட்கார்ந்தாள். அவனைத் திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. வந்தது எல்லாம் அவளுக்கே பொருந்தியது.

நேற்றுக் காலை அவன் அறைக்குள் நுழைந்ததுமே கந்தக வாடை வந்தது. அதை அறியாதவளா அவள்? வுல்கானோச் சேறு, தோய்ந்தவன் தோலை மூன்று நாளைக்கு விடாது. இந்த மூன்று பெர்கமோக்காரர்களிடமும் அதே வாடைதானே வீசியது? 'நீ செவ்வாய்க்கிழமை அங்கதான இருந்த? என்ன பாத்த?' என்று ஒரு கேள்வி. நேற்றே கேட்டிருந்தால் ஒனோஃப்ரியோவுக்கு ஓர் இரவு மிஞ்சியிருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அத்தையின் ஆம்லெட்டுக்குச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள போய் நான் சொல்லலாம்," என்றாள். "நீயும் சொல்லலாம்."

"ரெண்டு பேரும் சொல்லலன்னா?"

"அப்ப ஒனோஃப்ரியோ சொல்லுவார். ஏற்கனவே சொல்லிட்டார்."

கோனோ சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். போட்ட பொத்தானையே மறுபடி கழற்றிப் போட்டான். மிலாத்ஸோ போகும் வேகப்படகுக்குச் சீட்டு விற்கும் கூண்டு எதிரே இருந்தது. அவன் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். ஒரு நிமிஷம் நின்றான். பிறகு அலுவலகத்துப் பக்கம் நடந்தான். அவன் வேகத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

துறைமுக அலுவலகத்தில் மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அதிகாரி முஸ்கரா எழுதி முடித்த தாளை ஒனோஃப்ரியோவின் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அதன்மேல் நீல அட்டை போட்ட உரிமம். ஓரத்துப் பெஞ்சில் அசுந்தா. மடியில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மடித்த துண்டுகளும் இரவுச் சட்டையும் திணித்த பெரிய பை. அவளுக்கும் அண்ணனுக்கும் நடுவில் நாலு நாற்காலி காலியாக இருந்தது. கதவோரத்தில் பெர்கமோக்காரர்கள் மூவரும் சேர்ந்து நின்றார்கள்.

ஒனோஃப்ரியோ கையில் பேனா இருந்தது.

"போடாதீங்க," என்றான் கோனோ.

அவன் சொன்னான். நின்றுகொண்டே, மூச்சு விடாமல், சேறு, மச்சான் படகு, வளையம், எஞ்சின், குறட்டை எல்லாவற்றையும் சொன்னான். ஓர் இடத்தில்கூடச் சிரிப்பு மூட்டவில்லை. சொல்லி முடித்ததும் தன் கையையே எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"ஐயா," என்றார் முஸ்கரா, பேனாவை ஒனோஃப்ரியோ கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டு, "அப்படின்னா பொறுப்பாளின்னு இவர் பேர எழுதட்டுமா?"

"எழுதாதீங்க," என்றார் ஒனோஃப்ரியோ. "அந்த வளையத்தப் பாத்தா நானே கட்டியிருப்பேன், நானே இழுத்துப் பாத்திருப்பேன். அத நங்கூரத்துல கட்டினது யாரு? நான். பக்கத்துல உக்காந்து பாக்காம தூங்கினது யாரு? நான்."

"வாங்கிக் குடுத்தது நான்," என்றாள் ஃபியோரென்சா கதவோரத்திலிருந்து.

"காசு போட்டது மூணு பேரும்," என்றார் லோரிஸ்.

முஸ்கரா தாளைத் தூக்கிப் பிடித்தார். "இந்தப் படிவத்துல பொறுப்பாளி பேருக்கு ஒரே ஒரு கோடுதான் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒரு வெள்ளைத் தாள் எடுங்க," என்றாள் லெத்தேரியா. அப்போதுதான் உள்ளே வந்து சேர்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது. "எனக்கும் ஒரு வரி வேணும்."

"உங்களுக்கா? நீங்க கண்டுபிடிச்சவங்கதான?"

"இன்னிக்குக் கண்டுபிடிச்சேன். நேத்தே கேட்டிருக்கலாம். கேக்கல. அத அப்படியே எழுதுங்க."

கோனோ அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. முஸ்கரா வெள்ளைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். அவருக்கு அரைமணி நேரம் பிடித்தது. எழுதி முடித்ததும் நீல அட்டை உரிமத்தை ஒனோஃப்ரியோ பக்கம் நகர்த்தினார்.

"விசாரணை நடக்கும். எல்லாரையும் கூப்பிடுவோம். அதுவரைக்கும் இது என் மேசையில இருக்க வேண்டிய அவசியமில்ல."

ஒனோஃப்ரியோ அதைத் தொடவில்லை. தங்கையைப் பார்த்தார். இரண்டு நாளில் முதல் தடவையாக.

லெத்தேரியா பெஞ்சருகே போனாள். "நீ கேட்டதுக்குப் பதில், அசுந்தா. உங்க அண்ணன் தூங்கினார். அவர் போட்ட நங்கூரம் தூங்கல. அதப் பிடுங்கினது என் ஆளு. தெரியாமப் பிடுங்கினான். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

யார்மேல் கோபப்படுவது என்று தெரியாதபோது மனுஷிக்கு வருமே ஒரு களைப்பு, அது அசுந்தாவின் முகத்தில் இருந்தது. ஒரே ஒரு குற்றவாளியாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அவள் எழுந்து மேசையருகே வந்தாள். உரிமத்தை எடுத்து அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைப் பையில் செருகினாள்.

"ஒண்ணு பத்துக்கு மிலாத்ஸோ படகு," என்றாள். "வாங்க அண்ணே."

"நானா? அவன் மூஞ்சிய எப்படிம்மா நான்..."

"நீங்க மட்டும் இல்ல." கோனோவின் பக்கம் திரும்பினாள். "நீயும் வா. காலு ஏன் போச்சுன்னு அவர் என்னைக் கேட்டுக்கிட்டே இருக்கார். நான் பதில் சொல்லி மாளல. யாரு முதல்ல சொல்லப் போறீங்கன்னு போற வழியிலயே ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கங்க. நான் வாயத் திறக்கமாட்டேன். கதவுக்கு வெளிய நிப்பேன்."

"அவர் என்னை அடிச்சா?" என்றான் கோனோ. விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"படுத்த இடத்துலேருந்து கை எட்டாது. கிட்டப் போய் நில்லு."

அவள் பையைத் தோளில் மாட்டக் குனிந்தாள். ஒனோஃப்ரியோவும் கோனோவும் ஒரே நேரத்தில் அதை வாங்கக் கை நீட்டினார்கள். நீட்டிய கைகள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருவரும் பையையே பார்த்தார்கள்.

அசுந்தா ஒரு கணம் யோசித்தாள். பிறகு பையின் ஒரு காதை அண்ணன் கையிலும் மற்றொரு காதைக் கோனோ கையிலும் கொடுத்துவிட்டு, முன்னால் நடந்தாள்.